பதினாறாம் பக்கத்து நம்பர்

அந்தப் பையை இந்தப் பெட்டி மேல் வைக்காதீர்கள் சார். மடியில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் என் காலடியில் தள்ளுங்கள். தப்பாக நினைக்க வேண்டாம். உள்ளே முட்டை இருந்தால்கூட நான் இவ்வளவு சொல்ல மாட்டேன். முட்டை உடைந்தால் வேறு முட்டை கிடைக்கும்.

கிராமபோன் தட்டு சார். அரக்கில் அடித்தது. கீழே விழுந்தால் அப்பளம்தான். ஒரு முழு நாடகத்தைப் பாடிப் பதிவு செய்த செட்டு இது. அந்தக் காலத்தில் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்கு மேல் ஓடாது. அதனால் ஒரு நாடகத்துக்கு எட்டுத் தட்டு, பதினாறு பக்கம். 'மேகவர்ணி' என்று நாடகத்துக்குப் பெயர். கொக்கு மார்க் கம்பெனி. கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அந்தக் கம்பெனியே நாலைந்து வருஷம்தான் இருந்தது.

நீங்கள் பொன்னமராவதி வரைக்கும்தானே? நான் அதற்கு முன்னால் வேலம்பட்டி விலக்கில் இறங்கிவிடுவேன். அதுவரைக்கும் ஒரு அநியாயத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். ஒரே ஒரு நம்பரைப் பார்ப்பதற்கு என்னை ஒரு அம்மாள் பதினாறு வாரம் நடக்க வைத்துவிட்டார். பதினாறு வெள்ளிக்கிழமை. இன்றைக்குப் பதினேழாவது.

என்ன நம்பர் என்கிறீர்களா? சொல்கிறேன். நான் மின்சார வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்தவன். பெயர் அடைக்கலம். ஆனால் இந்தப் பக்கத்தில் 'ரீடிங் சார்' என்றால்தான் தெரியும். வீட்டுக் கதவில் ஒரு எண் இருக்கும், பார்த்திருப்பீர்கள். பழைய எண் இவ்வளவு, புதிய எண் இவ்வளவு என்று பெயிண்டில் எழுதி, அதற்கு மேல் இன்னொன்றும் எழுதியிருப்பார்கள். அதை நம்பி நான் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. மீட்டரில் பொறித்திருக்கும் எண்தான் எண். வீடு கை மாறும், பெயர் மாறும், அது மாறாது.

தட்டும் அப்படித்தான். நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் ஒரு எண் இருக்கும். அது கடைக்காரனுக்கு. அதைச் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுப்பான். அதன் கீழே 'முதற் பாகம், இரண்டாம் பாகம்' என்று போட்டிருக்கும். அது கேட்பவனுக்கு. ஆனால் கோடுகள் முடிந்து காகிதம் தொடங்குவதற்கு முன்னால் வழவழவென்று ஒரு இடம் இருக்கிறது பாருங்கள், அங்கே வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஒரு எண் தெரியும். பாட்டை முதலில் மெழுகில்தான் பதிவார்கள், பாடின அன்றைக்கே அந்த மெழுகில் கீறியது. அதுதான் மீட்டர் நம்பர். அந்த எண்ணின் கடைசியில் ஒரு சின்னக் கோடு போட்டு ஒன்று, இரண்டு என்று இருக்கும். ஒன்று என்றால் முதல் தடவை பாடியது. இரண்டு என்றால் அது சரியில்லை என்று மறுபடி பாடியது. காகிதத்தில் இதெல்லாம் இருக்காது. காகிதத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே தட்டு. மெழுகைப் பார்த்தால்தான் வேறு வேறு பாட்டு என்று தெரியும்.

என்னுடைய பதினாறாம் பக்கத்தில் இருப்பது இரண்டு. அப்படியானால் ஒன்று என்று ஒன்று இருந்திருக்க வேண்டும் அல்லவா? கும்பகோணத்தில் நடேசன் என்று எனக்கு ஒரு சிநேகிதர். தட்டு சேர்ப்பவர். அவர் சொல்கிறார், "ஒன்னு வெளியிலயே வரலை, கம்பெனியிலயே உடைச்சுப் போட்டுட்டான்." நான் சொல்கிறேன், வந்திருக்கிறது. நாலு வருஷமாக இந்தச் சண்டை. இன்னொரு எட்டாவது தட்டு கிடைத்து, அதில் ஒன்று என்று இருந்தால் தீர்ந்துவிடும்.

என் எட்டாவது தட்டையும் இந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஆனால் அது இப்போது தட்டு இல்லை, கிண்ணம். செட்டை வாங்கி வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் கழுவி மொட்டை மாடியில் காய வைத்தேன். என் மனைவி வந்து, அதில் ஒன்றின் மேல் வடகம் பிழிந்துவிட்டாள். வெயிலில் நான்தான் வைத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வடகம் பிழிந்தது யார்? சாயங்காலம் பார்த்தால் தட்டு நாலு பக்கமும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வடகம் நன்றாகக் காய்ந்திருந்தது.

நல்ல மனுஷி. போய் ஆறு வருஷம் ஆகிறது. "வாங்கி வாங்கி அடுக்குறீங்களே, ஒரு நாளாவது போடுங்களேன்" என்பாள். போட்டால் ஊசி தேயும், தட்டும் தேயும். அவளுக்கு அது புரியாது.

அந்த ஏழு தட்டையும் நான் ஒரே ஒரு தடவை போட்டுக் கேட்டிருக்கிறேன், பழுது இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. மெழுகு நம்பர் வரிசையில்தான் என் அலமாரியில் அடுக்குவேன். அந்த வரிசையில்தான் கேட்டேன். முதலில் பபூன் வந்து ஒரு பாட்டம் பாடினார். பிறகு மந்திரியைத் தூக்கில் போட்டார்கள். அப்புறம் கல்யாணம். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு நந்தவனத்தில் சந்தித்து, 'தாங்கள் யார், தங்கள் ஊர் எது' என்று கேட்டுக்கொண்டார்கள். கடைசியில், தூக்கில் போட்ட மந்திரி வந்து சதி செய்தார். எனக்கு அது ஒன்றும் வினோதமாகப் படவில்லை. மந்திரியை விடுங்கள், கல்யாணம் முடிந்து அப்புறம் 'நீங்க யாரு' என்று கேட்டுக்கொள்வது உலகத்தில் உள்ளதுதானே? எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது.

சரி, அந்த அம்மாள் விஷயத்துக்கு வருகிறேன். இதே பஸ்ஸில் கண்டக்டர் ஒருவர் சொன்னார், வேலம்பட்டியில் ஒரு வீட்டில் இன்னும் சாவி கொடுக்கிற கிராமபோன் பாடுகிறது, நாடகப் பாட்டு என்று. தெருவைச் சொன்னதுமே தெரிந்துவிட்டது. சர்வீஸ் நம்பர் 214. மீட்டருக்கு மேலே குருவிக்கூடு இருக்கும். கொஞ்சம் மெதுவாக ஓடுகிற மீட்டர், நான்தான் மாற்ற எழுதிக் கொடுத்தேன். வீடு ஞாபகம் இருந்தது. யார் இருந்தார்கள் என்பது ஞாபகம் இல்லை.

கதவைத் திறந்ததுமே அந்த அம்மாள் சொன்னார், "மோர் குடிக்காத சார்தானே நீங்க?"

தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மரகதம் என்று பெயர். வீட்டுக்காரர் போய் ரொம்ப வருஷம் ஆகிறதாம். ரீடிங் எடுக்கப் போனபோதெல்லாம் மோர் கொடுத்தாராம். நான் 'நேரமில்லை' என்று சொல்லிவிட்டுப் போவேனாம். இருக்கலாம். எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை வீடு.

"மேகவர்ணி முழு செட்டும் இருக்குதாமே டீச்சர்?" என்றேன்.

"இருக்கு. எங்க அப்பா காபி கிளப்புல ஓடினது. உக்காருங்க. எந்தப் பாட்டு போடணும்?"

"பாட்டெல்லாம் வேணாம். எட்டாவது தட்டை மட்டும் எடுங்க. நம்பரைப் பாத்துட்டுப் போயிடுறேன். ஒரு நிமிஷ வேலை."

"பாட்டு வேணாமா?"

"வேணாம் டீச்சர்."

"கல்யாண வீட்டுக்கு வந்து பந்தக்கால் எத்தனைன்னு எண்ணிட்டுப் போற ஆளா இருக்கீங்களே" என்றார். பிறகுதான் அந்த நிபந்தனையைப் போட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வர வேண்டும். வாரம் ஒரு பக்கம். முதல் பக்கத்திலிருந்து. உட்கார்ந்து கேட்க வேண்டும். பதினாறாவது பக்கம் பாடி முடிந்ததும் நம்பரைப் பார்த்துக்கொள்ளலாம்.

"ஒரு பக்கம் மூணு நிமிஷம்தான் டீச்சர். ஒரே நாள்ல எல்லாத்தையும் கேட்டுடலாமே."

"ஒரே நாள்ல பதினாறு வேளைச் சோறு சாப்பிடுவீங்களா?"

தட்டு அவருடையது. எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை போனேன். வேறு வழி இல்லை பாருங்கள்.

மூன்று நிமிஷப் பாட்டு என்று பெயர்தான். போனதும் பாட்டு போட மாட்டார். முதலில் போன வாரம் வரைக்கும் கதை என்ன என்று நான் சொல்ல வேண்டும். டீச்சர் புத்தி போகுமா? தப்பாகச் சொன்னால் அந்தப் பக்கத்தை மறுபடி போடுவார். பிறகு சாவி கொடுத்து, ஊசி மாற்றி, பாட்டு. பாட்டு முடிந்ததும் அடையோ, பணியாரமோ. இப்போது மோர் வேறு. அதைக் குடித்து முடிப்பதற்குள் கடைசிக்கு முந்தின பஸ் போய்விடும். எத்தனை இடைஞ்சல் பாருங்கள்.

என் அலமாரி வரிசையை ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், மந்திரி முதலில் செத்து அப்புறம் சதி செய்கிறார், இங்கே வேறு மாதிரி இருக்கிறதே என்று. அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறார். "ஏன் சார், அவங்க என்ன கதை வரிசையிலயா பாடியிருப்பாங்க? பபூனுக்கு இலங்கைக்குக் கப்பல் பிடிக்கணும்னா அவரை முதல்ல பாடவிட்டு அனுப்பியிருப்பாங்க."

"மெழுகு நம்பர் பொய் சொல்லாது டீச்சர்" என்றேன்.

"பொய்யே சொல்லலை. யாரு எப்ப பாடினாங்கன்னு சொல்லுது. எதுக்குப் பாடினாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

இதெல்லாம் தையல்காரர்களின் பேச்சு. நான் வாதம் செய்யவில்லை. அவர் சொன்ன வரிசையில் என் அலமாரியை மாற்றி அடுக்கினேன், அது எடுக்க வைக்கச் சௌகரியமாக இருக்கிறது என்பதற்காக மட்டும்.

பக்கத்து வீட்டில் பஞ்சவர்ணம் என்று ஒரு பெண். நான் நுழையும்போதெல்லாம் வாசலில் ஏதாவது வேலை இருக்கும் அதற்கு. ஒரு நாள் என் காதில் விழுகிற மாதிரியே கேட்கிறது, "என்ன டீச்சரக்கா, ஊரு பூராம் ரெண்டு மாசத்துக்கு ஒருக்காத்தான் ரீடிங் எடுக்குறாக. ஒங்க வீட்டு மீட்டர் மட்டும் வாராவாரம் ஓடுதாக்கும்?"

நான் நின்று அதற்கு விளக்கமாகச் சொன்னேன், நான் ஓய்வு பெற்று வெகு நாள் ஆகிறது, இது வாரியத்து வேலை இல்லை, ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்பதில் மாற்றம் எதுவும் கிடையாது என்று. "அது சரி" என்றது அந்தப் பெண். டீச்சர் உள்ளே போய்விட்டார். முகம் எல்லாம் சிவந்து, ரொம்பக் கோபம் போலிருந்தது. என்னை எதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டும்?

கதையைச் சொல்லவில்லையே உங்களுக்கு. மேகவர்ணி ராஜகுமாரி. உப்பு வியாபாரி ஒருவன் வருகிறான், உண்மையில் அவன் பக்கத்து நாட்டு இளவரசன். நந்தவனத்தில் பார்க்கிறார்கள். மந்திரிக்குப் பிடிக்கவில்லை. சதி. ராஜா கோபத்தில், 'உனக்கு இந்த உப்பு வியாபாரிதான்' என்று அவனுக்கே கட்டிக்கொடுத்துவிடுகிறார். தாலி கட்டியாகிவிட்டது. ஆனால் அந்தப் பெண் கூடப் போக மாட்டேன் என்கிறாள். பதின்மூன்றாவது பக்கத்தில் ஒரு விடுகதை போடுகிறாள். 'இருக்கும்போது ஒருவரும் பேசமாட்டார். இல்லாதபோது எல்லாரும் பேசுவார். அது என்ன? சொன்னால் உன் கூட வருவேன், இல்லையென்றால் நீ யாரோ நான் யாரோ.' அதோடு பக்கம் முடிந்துவிடும். ஊசி கரகர என்று சுற்றும்.

டீச்சர் கேட்டார், "பதில் என்ன, சொல்லுங்க பாப்போம்."

இதில் என்ன யோசனை? "கரண்ட்" என்றேன்.

நான் சொன்னது சரியா தப்பா, நீங்களே சொல்லுங்கள். இருக்கும்போது எவனாவது பேசுகிறானா? நின்றுபோன அடுத்த நிமிஷம் ஊரே ஆபீசுக்கு போன் போடும். எத்தனை வருஷம் திட்டு வாங்கியிருக்கிறேன். டீச்சர் கிராமபோனைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "ராஜா காலத்துல ஏது சார் கரண்டு?" என்கிறார். அதுவும் சரிதான். பிறகு என்ன பதில் என்று கேட்டால் சொல்லவில்லை. பதில் பதினாறில் வருகிறதாம். அந்தப் பதினாறு என் வீட்டில் கிண்ணமாக இருக்கிறது.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. காற்று என்று நினைத்தேன், காற்றைப் பற்றி எல்லாரும் எப்போதும் பேசுகிறார்கள். செருப்பு என்று நினைத்தேன். மகள் ஓசூரில் இருக்கிறாள், அவளிடம் போனில் கேட்டேன். "அப்பா, வெள்ளிக்கிழமை ஆனா போனே எடுக்க மாட்டேங்கிறீங்க, அது யாரு வீடு?" என்று அவள் என்னைக் கேட்கிறாள். சர்வீஸ் நம்பரைச் சொன்னேன். அவளும் சிரிக்கிறாள். இப்போதெல்லாம் எல்லாருக்கும் சிரிப்புத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது. டீச்சர் அடுப்படியில் இருந்தார். பெட்டி திறந்து கிடந்தது. எட்டாவது தட்டு மேலாகவே இருந்தது. உறையிலிருந்து எடுத்துவிட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிச் சாய்த்தால் போதும், நாலு வருஷச் சண்டை தீர்ந்துவிடும். நிமிர்ந்தால் வாசற்படியில் டீச்சர். கையில் தட்டத்தில் பணியாரம்.

சத்தம் போடவில்லை. தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "பாத்துக்கங்க சார். ஆசைப்பட்டுட்டீங்க. பாத்துட்டு, அப்படியே போயிருங்க. இனிமே அலைய வேணாம்."

கையில் தட்டு இருக்கிறது. ஜன்னலில் நல்ல வெயில். பார்த்தால் நம்பர் கிடைக்கும். ஆனால் அப்படியே போய்விட வேண்டும். அப்போது விடுகதைக்குப் பதில்? பதினைந்தில் அவள் என்ன சொன்னாள், பதினாறில் அவன் என்ன சொன்னான்? அரைகுறையாக விட்டுப்போவது என் சுபாவம் இல்லை. ஒரு வீட்டில் நாய் கட்டியிருந்தால்கூட நின்று ரீடிங் எடுத்துவிட்டுத்தான் போவேன். தட்டை உறைக்குள் போட்டு வைத்துவிட்டேன். "நம்பர் எங்க டீச்சர் ஓடிப்போகுது?" என்றேன். "பதினாலைப் போடுங்க."

அவர் வெகு நேரம் சாவி கொடுத்துக்கொண்டே இருந்தார். ஸ்பிரிங் அறுந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

போன வாரம் பதினாறு. மழை பெய்து ஓய்ந்திருந்தது. கதை சொல்லச் சொன்னார், முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஒரு பிழை இல்லாமல் சொன்னேன். புது ஊசி போட்டார். அந்த உப்பு வியாபாரி பாடுகிறான். அவனுக்குப் பெரிய குரல் இல்லை, கொஞ்சம் கரகரப்புத்தான். ஊரெல்லாம் சுற்றி வந்தேன், பதில் எங்கேயும் கிடைக்கவில்லை, கடைசியில் என் தலையில் சுமக்கிற மூட்டையில்தான் இருந்தது என்று பாடுகிறான். உப்பு. இருக்கும்போது ஒருவரும் பேசமாட்டார். ஒரு நாள் போடாமல் விட்டால், பந்தி முழுக்க அதே பேச்சு.

உப்பு சார். இவ்வளவு சுலபம். எனக்குத் தோன்றவே இல்லை.

தட்டு நின்றுவிட்டது. எனக்கு ஏதோ வீட்டு ஞாபகம், மொட்டை மாடி, வடகம், அந்த மாதிரி. வெளியே பஞ்சவர்ணம் கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தடவை போடுங்களேன்" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். "தட்டு தேயுமே சார்" என்றார். "தேயட்டும்" என்றேன். போட்டார். மறுபடி போட்டார். அன்றைக்கு அவர் சுண்டல் செய்திருந்தார். அதில் உண்மையிலேயே உப்பு இல்லை. அதைச் சொன்னதும் இரண்டு பேருமாகச் சிரித்து, பஸ் வருகிற நேரமாகிவிட்டது என்று ஓடி வந்தேன்.

பஸ் புதுக்கோட்டை தாண்டி என் தெரு முனையில் நிற்கிறபோதுதான் தெரிகிறது சார், நம்பரைப் பார்க்கவே இல்லை.

பதினாறு வாரம் அலைந்து, கடைசியில் அதைப் பார்க்காமல் வந்திருக்கிறேன். நடேசனிடம் சொன்னால் என்னைச் சேர்த்துக்கொள்வாரா? அதற்காகத்தான் இன்றைக்குப் போகிறேன். வேறொன்றும் இல்லை. டீச்சருடைய ஐந்தாவது தட்டில் ஒரு கீறல் இருக்கிறது, மந்திரி ஒரே இடத்தில் மூன்று தடவை இருமுவார். என்னுடையது சுத்தமாக இருக்கிறது. இரண்டு செட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பக்கமாகக் கேட்டு ஒப்பிட்டுவிட்டால் வேலை சுத்தமாக முடியும். அதனால்தான் இவ்வளவையும் தூக்கிக்கொண்டு வருகிறேன். எத்தனை வாரம் ஆகுமோ தெரியாது. அவசரப்பட்டு ஒப்பிடக் கூடாது, தப்பு வரும்.

இந்தச் சட்டையா? புதுசுதான். மகள் அனுப்பினாள்.

கண்டக்டர், வேலம்பட்டி விலக்கு ஒண்ணு. கொஞ்சம் பார்த்து நிறுத்தச் சொல்லுங்க, கையில கண்ணாடி மாதிரி சாமான். சார், நான் கீழே இறங்கினதும் அந்தப் பெட்டியை மட்டும் மெல்ல எடுத்துக் கொடுங்கள். சாய்க்காமல். ஆமாம், அப்படித்தான்.

அதோ பாருங்கள், புளியமரத்தடியில், குடை வைத்துக்கொண்டு. டீச்சர்தான் அது. தலையில் பூவெல்லாம் வைத்துக்கொண்டு நிற்கிறார். யாரோ முக்கியமான விருந்தாளி வருகிறார் போலிருக்கிறது, கூப்பிட வந்திருக்கிறார். எல்லாரும் இறங்குகிற வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே. இந்த நாள் பார்த்தா விருந்தாளி வர வேண்டும். இன்றைக்கும் எனக்கு அந்த நம்பரைப் பார்க்க நேரம் கிடைக்காது சார்.